சிறு நாயும் சிறு மகவும்

மாந்தரோடு நெருங்கிப் பழகும் விலங்குகளுள் நாய்க்கு நிகரானது பிறிதொன்றில்லை என்பதை யாவரும் அறிவர். ஆயினும், எந்த நாய் எந்த மனைக்கு ஏற்றது என்னும் வினா எழும்பொழுது, நாம் பெரும்பாலும் உருவம் என்னும் ஒரே அளவுகோலைக் கையில் எடுத்துக்கொள்கின்றோம். பெரிய நாய் கடிக்கும், சிறிய நாய் விளையாடும். பெரியது காவலுக்கு, சிறியது குழந்தைகளுக்கு என்று தீர்த்துவிடுகின்றோம். எங்கள் இல்லத்திலும் இவ்வெண்ணமே நிலவிற்று. அஃது எவ்வாறு ஆராயப்பெற்றது, எவ்வாறு மாறிற்று என்பதை, என் பிழையொன்றையும் மறையாது, ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

எங்கள் வீடு புதுச்சேரி நகரின் தென்பகுதியில், தேங்காய்த்திட்டில் உள்ளது. அரியாங்குப்பத்து ஆறு கடலோடு கலக்கும் கழிமுகமும், அதன் கரையில் அலையாத்திக் காடும், மீன்பிடித் துறைமுகமும் சூழ்ந்த ஊர் அது. படகுகள் கரைசேரும் விடியற்காலையில் மீன்கூடைகளைச் சுற்றி நாய்கள் கூடி நிற்கும். அவற்றைக் கண்டு வளர்ந்த என் தங்கைக்கு வயது பத்து. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய நாள்முதல் அவள் தந்தையாரிடம் இட்டுவந்த விண்ணப்பம் ஒன்றே: "அப்பா, நமக்கொரு நாய்க்குட்டி வேண்டும்." சென்ற ஆண்டில் என் தமக்கையார் தம் மூன்று வயது மகனோடு எம் இல்லத்திற்கு வந்து தங்கியபோது, அவ்விண்ணப்பத்திற்கு இரண்டாவது குரலும் சேர்ந்துகொண்டது.

தந்தையார் தயங்கினார். 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில், சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள பூங்காவொன்றில் ராட்வீலர் நாய்கள் இரண்டு ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துப் பெருங்காயம் விளைத்த செய்தியை அவர் மறக்கவில்லை. அதற்கு இரண்டு திங்களுக்கு முன்னர்த்தான் நடுவண் அரசு 23 வகை நாய்களைக் கொடியவையெனப் பெயர் குறித்து, அவற்றின் இறக்குமதியையும் விற்பனையையும் தடுக்குமாறு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை விடுத்திருந்தது. ஏப்ரலில் கருநாடக உயர்நீதிமன்றம் அவ்வறிக்கை செல்லாதெனத் தீர்த்தது என்பது வேறு செய்தி. பட்டியல் மட்டும் மக்கள் மனத்தில் நின்றுவிட்டது. பட்டியலில் உள்ளது தீயது. ஆகவே, இல்லாதது நல்லது என்று கொள்ளுதல் எளிதன்றோ? "சிறிய சாதியாயின் பார்ப்போம்," என்றார் தந்தையார். தங்கை முன்னரே தேர்ந்து வைத்திருந்தாள்: பஞ்சுப்பொதி போன்ற வெண்ணிறப் பொமரேனியன்.

இவ்வினத்தின் வரலாறு சுவையுடையது. பால்டிக் கடலின் தென்கரையில், இன்று போலந்து, செருமனி ஆகிய இரு நாடுகளிலும் பரந்துகிடக்கும் பொமரேனியா என்னும் நிலப்பகுதியே அதற்குப் பெயர் தந்தது. அதன் முன்னோர் பனிநாடுகளில் உழைத்த பெரிய நாய்கள். விக்டோரியா அரசியார் 1888-இல் பிளாரன்சு நகரில் இவ்வினத்தில் சிறியதொன்றைக் கண்டு விரும்பிக் கொணர்ந்த பின்னரே சிறிய உருவம் பெருவழக்காயிற்று. இன்று மேனாட்டு இலக்கணப்படி அதன் எடை ஏறத்தாழ ஒன்றரை முதல் மூன்று கிலோவே. நம் தெருக்களில் பொமரேனியன் என்று அழைக்கப்பெறுவனவற்றுள் பெரும்பாலானவை, அதற்கு உறவினதாய், நம் நாட்டிலேயே வளர்த்தெடுக்கப்பெற்ற இந்தியன் ஸ்பிட்ஸ் என்னும் சற்றுப் பெரிய வகையாம். உருவம் சுருங்கினும், பனிக்கு ஏற்ற ஈரடுக்கு மயிர் சுருங்கவில்லை. அயலானைக் கண்டால் ஓயாது குரைக்கும் இயல்பும் சுருங்கவில்லை. கழிமுகத்தின் புழுக்கத்தில், அக்கினி நட்சத்திர வெயிலில், அம்மயிர்ப் போர்வையோடு அது படும்பாட்டை நினைத்தல் வேண்டும்.

குரும்பாபேட்டிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயிலும் நண்பரொருவரை உசாவினேன். அவர் கூறியவற்றுள் ஒன்று என்னைத் திடுக்கிடச் செய்தது. "இத்தகைய நாய்கள் குழந்தைகளுக்கு இழைக்கும் தீங்கைக் கேட்கின்றீர், குழந்தைகள் இவற்றிற்கு இழைக்கும் தீங்கைக் கேட்கவில்லையே," என்றார். முன்னங்கால் எலும்பு எழுதுகோலினும் மெலிந்திருக்குமாம். குழந்தையின் கையிலிருந்து நழுவி விழுந்தாலே முறிந்துவிடுமாம். முழங்காற் சில்லு இடம் பெயர்தல் இவ்வினத்திற்கு இயல்பான நோய். குழந்தைகள் அன்போடு ஊட்டும் சாக்கலேட்டும், நம் கிறிஸ்துமஸ் கேக்கில் நாம் தாராளமாகச் சேர்க்கும் உலர்திராட்சையும் நாய்க்கு நஞ்சாகும். உடல் சிறிதாதலின் சிறிதளவே பெருங்கேடு செய்யும். இவற்றையெல்லாம் குறித்துக்கொண்டேன், ஆயினும் குறிப்பேட்டில் எழுதியது நெஞ்சில் எழுதப்பெறவில்லை.

நிற்க. ஆகஸ்டுத் திங்களின் இறுதியில் வேளாங்கண்ணித் திருவிழாவிற்குப் புறப்பட்ட அண்டை வீட்டார், தம் வெண்ணிற நாய் ரோஸியைப் பத்து நாட்கள் எம்மிடம் விட்டுச் சென்றனர். தேர்வு வைத்தாற்போல இவ்வாய்ப்பு அமைந்ததென்று யாவரும் மகிழ்ந்தோம். முதல் மூன்று நாட்கள் எவ்விதக் குறையும் காணவில்லை. தங்கை அதற்கு மயிர் கோதினாள், நீர் வைத்தாள், அதன் பெயரைக் குறிப்பேடுகளின் மேலெல்லாம் எழுதினாள். ஆயா (எம் பக்கத்தில் பாட்டியாரை அவ்வாறே அழைப்பது வழக்கம்) அது குரைக்குந்தோறும் கடிந்துகொண்டாலும், தம் தட்டிலிருந்து ஒரு பிடி சோற்றை அதற்கென ஒதுக்கலானார்.

நான்காம் நாள் மாலை தமக்கையார் கடைக்குப் புறப்பட்டார். "அரைமணி நேரம், தம்பி, பிள்ளையைப் பார்த்துக்கொள்," என்று என்னிடம் ஒப்புவித்தார். யான் தொல்காப்பிய மரபியலில் இளமைப் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தேன். நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் குருளை என்பது பெயராதலைக் கூறும் நூற்பா அது. புலிக்கும் முயலுக்கும் நாய்க்கும் ஒரே பெயர் வந்த வகையை எண்ணி வியந்துகொண்டிருந்தேன். ரோஸி கட்டிலுக்கடியில் தன் தட்டில் உண்டுகொண்டிருந்தது. அங்கிருந்து மெல்லிய உறுமல் ஒன்று எழுந்தது. கேட்டேன், தலை தூக்கவில்லை. மீண்டும் எழுந்தது, அப்பொழுதும் ஏட்டினின்று கண்ணை எடுத்திலேன். மூன்றாவதாக எழுந்தது குழந்தையின் அலறல்.

கட்டிலுக்கடியில் ஊர்ந்து சென்று, பின்புறமாக வாலைப் பற்றி இழுத்திருக்கின்றான் சிறுவன். அவன் புறங்கையில் பல் பதிந்த இரு புள்ளிகள்; இரண்டிலும் குருதி. ரோஸி மூலையில் ஒடுங்கி நடுங்கிக்கொண்டிருந்தது. குழந்தையைத் தூக்கிச்சென்று, குழாய் நீரில் சோப்பிட்டுக் கையைக் கழுவினேன். பதினைந்து நிமிடம் கழுவுதல் வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அப்பொழுது தங்கை அருகில் வந்து, கண்ணீர் தளும்ப, "அண்ணா, சொல்லாதே. கதவாணி கீறிற்றென்று சொல். சொன்னால் இனி நாயே வாராது," என்றாள்.

அப்பதினைந்து நிமிடமும் யான் எண்ணியவற்றை எழுத நாணுகின்றேன். தங்கையின் பொருட்டு மட்டுமன்று. ஒப்புவித்த கடமையில் தவறிய என் பொருட்டும், கதவாணி எனக்கு இனியதாகத் தோன்றிற்று. காயமோ சிறிது, நாயோ வீட்டு நாய், ஆயின் அண்டை வீட்டாரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது, ரோஸிக்கு ஆண்டுதோறும் இடவேண்டிய வெறிநோய்த் தடுப்பூசியின் காலம் கடந்து சில திங்களாயின என்பது தெரிந்தது. அதன் பின்னர் மறைத்தற்கு இடமேது? வெறிநோயின் குறிகள் தோன்றிய பின்னர் உயிர் பிழைத்தல் ஏறக்குறைய இல்லை. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் மடிகின்றனர் என்பது மதிப்பீடு. வெறிநோய் ஐயமுள்ள விலங்குகளாற் கடியுண்போருள் நூற்றுக்கு நாற்பதின்மர் பதினைந்து வயதுக்குட்பட்டோர். தமக்கையார் திரும்பியதும் உள்ளதை உள்ளவாறு கூறினேன். அவர் சினக்கவில்லை. "நீ எங்கே இருந்தாய்?" என்று மட்டும் கேட்டார். அச்சொல் இன்றும் என் செவியில் உள்ளது.

அரசு மருத்துவமனையில் குருதி கசிந்த காயமென்று கண்டு, காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரத மருந்தும், தோளில் தடுப்பூசியும் இட்டனர். 3, 7, 28-ஆம் நாட்களிலும் வருமாறு பணித்தனர். ஆயா வழியெல்லாம், தொப்புளைச் சுற்றி 14 ஊசி இட்ட தம் காலத்துக் கதையைக் கூறி அழுதார். ஆட்டு மூளையிலிருந்து ஆக்கிய அப்பழைய மருந்து 2005-ஆம் ஆண்டளவில் நம் நாட்டில் கைவிடப்பெற்றது. 1885-ஆம் ஆண்டு சூலையில் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் முதன்முதல் இம்மருத்துவத்தைச் செய்ததும் நாய் கடித்த ஓர் ஒன்பது வயதுச் சிறுவனுக்கே. அவர் பெயராலேயே 1907-இல் குன்னூரில் ஒரு நிலையம் தோன்றிற்று. நானூறு கல் தொலைவும் அஞ்சிப் பயணம் செய்த காலம் போய், சில நாழிகையில் மருந்து கிட்டும் காலத்தில் வாழ்கின்றோம் என்று ஆயாவைத் தேற்றினேன். என்னைத் தேற்றிக்கொள்ள இயலவில்லை.

மருத்துவர் கேட்ட வினாக்கள் என்னைச் சிந்திக்க வைத்தன. அவர் நாயின் சாதியைக் கேட்கவில்லை. குழந்தை அப்பொழுது என் செய்துகொண்டிருந்தான், நாய் என் செய்துகொண்டிருந்தது, உடன் இருந்த பெரியவர் யார் என்னும் இம்மூன்றையே கேட்டார். யாங்கள் சாதியொன்றையே ஆராய்ந்தோம். அவரோ அதனை விட்டு மற்றவற்றையெல்லாம் ஆராய்ந்தார்.

வீடு திரும்பிய இரவு ஒரு கணக்கிட்டுப் பார்த்தேன். ரோஸியின் எடை 6 கிலோ. என் மருமகன் 14 கிலோ. 60 கிலோ எடையுள்ள யான் உணவருந்தும்போது, 140 கிலோ எடையுள்ள ஒருவன் பின்னிருந்து வந்து என்னைப் பற்றி இழுத்தால் யான் வாளா இருப்பேனோ? ரோஸி இருமுறை எச்சரித்தது; யானாயின் ஒருமுறையும் எச்சரித்திரேன். நாய் உறுமுதல் குற்றமன்று. அஃது அதன் சொல். காதைப் பின்தள்ளுதல், உதட்டை நக்குதல், உடலை விறைத்து நிறுத்துதல் ஆகியனவும் அச்சொல்லுக்கு முன்வரும் எழுத்துகளே. உறுமியதற்காக அடித்துப் பழக்கினால், அது சொல்லை மறந்து பல்லையே முதலிற் காட்டும் என்று நண்பர் பின்னர் விளக்கினார்.

எறிந்த வேல் தன் மெய்யிலேயே நிற்கவும் தலைவனைக் கண்டு வாலாட்டும் நாயை நாலடியார் நட்பிற்கு உவமை காட்டுகின்றது. அப்பொறுமையை நாம் போற்றுகின்றோம். போற்றுவதோடு நில்லாமல், எல்லா நாயிடத்தும் அதனைக் கடனெனக் கேட்கவும் தொடங்கிவிடுகின்றோம். நம் ஆண்டவரிடம் தன் மகளுக்காக மன்றாடிய கானானியப் பெண், பிள்ளைகளின் மேசைக்கடியில் துணிக்கைகளை உண்ணும் நாய்க்குட்டிகளைக் குறித்துப் பேசினாள். பிள்ளைகளும் நாய்க்குட்டிகளும் ஒரே வீட்டில், ஒரே விருந்தில் பங்குகொள்ளும் அழகிய காட்சி அது. ஆயின் அவ்வீட்டில் மேசைக்கு மேல் ஒருவர்க்கு இடம். கீழே மற்றொன்றற்கு இடம். எங்கள் வீட்டில் கட்டிலுக்கடியிலும் ரோஸிக்கு இடம் இருந்ததில்லை.

பத்து நாட்களும் ரோஸி நலமாகவே இருந்தது; ஆகவே அதற்கு நோயில்லை என்பது உறுதியாயிற்று. அண்டை வீட்டார் வந்து வருந்தி, மறுநாளே அதற்குத் தடுப்பூசி இடுவித்தனர். பின்னர் ஒரு ஞாயிறன்று, வழிபாடு முடிந்து வந்ததும், தந்தையார் எங்களை அமர்த்திப் பேசினார். "பொமரேனியன் நம் வீட்டிற்கு ஏற்றதா என்று கேட்டோம், அதற்கு நம் வீடு ஏற்றதா என்று கேட்கவில்லை," என்றார். சிறுவனுக்கு ஆறு வயது நிரம்பும்வரை நாய் வேண்டாம் என்று முடிவாயிற்று. அதன் பின்னரும், குழந்தை நுழையாத ஒரு மூலை நாய்க்கென ஒதுக்குதல், உண்ணும்போதும் உறங்கும்போதும் அதனைத் தொடாமை, பெரியவரொருவர் கண்ணின்றிக் குழந்தையும் நாயும் தனித்திராமை, தடுப்பூசி நாளைச் சுவர் நாட்காட்டியிற் குறித்தல் ஆகிய நான்கையும் கடைப்பிடிக்க வல்லோமாயின் மட்டுமே கொள்வதென்றும் உடன்பட்டோம். பத்து வயதுத் தங்கையொருத்தியே இருந்திருப்பின் விடை வேறாக இருந்திருக்கும். சாதி ஒன்றே, வீடுதோறும் விடை வேறு.

தங்கை அன்று அழுதாள். இப்பொழுது நாள்தோறும் மாலையில் அண்டை வீட்டிற்குச் சென்று, அவர்கள் இசைவோடு, ரோஸியைக் கழிக்கரைச் சாலையில் உலவ அழைத்துச் செல்கின்றாள். மருமகனின் கையில் வடு மறைந்துவிட்டது. அவனும் நாயைக் கண்டால் ஓடிச்சென்று பற்றாமல், தன் கையை நீட்டி அது வந்து முகரும்வரை காத்து நிற்கக் கற்றிருக்கின்றான்.

மரபியல் நூற்பாவை மீண்டும் எடுத்துப் படித்தேன். புலிக்கும் முயலுக்கும் நாய்க்கும் ஒரு பெயர் வந்த வகை இலக்கண உரையால் எனக்கு விளங்கியதில்லை. இப்பொழுது ஒருவாறு தோன்றுகின்றது. சிறு நாயினிடம் புலியின் பல்லும் முயலின் நெஞ்சும் ஒருங்கே உள்ளன. அஞ்சாதவரை அது முயல். அஞ்சியபின் அதற்குப் பல்லன்றி வேறு வழியில்லை. ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட சொற்களை ஆராயும் மாணாக்கன் யான், ஐந்தடித் தொலைவில் இருமுறை கூறப்பெற்ற ஒரு சொல்லைக் கேட்டும் பொருள் கொள்ளாது போனேன். தேர்வில் இவ்வினா வாராது. ஆயினும் இதனை மறவேன்.