மீன்தொட்டித் தோழமை

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அடுக்குமாடி வீடுகள் பலவற்றின் வரவேற்பறையில் மீன்தொட்டி ஒன்று இருக்கும். நாயோ பூனையோ வளர்க்க இடமில்லாதவர்களுக்கு மீன் வளர்ப்புதான் கைகொடுக்கிறது. மீன் வாங்கச் செல்லும் குடும்பத்தினர் பெரும்பாலும் ஒரே இனத்தில் பத்து மீன்களை வாங்குவதில்லை. அம்மாவுக்குப் பிடித்த சிவப்பு மீன் இரண்டு, தம்பி கைகாட்டிய வரி மீன் நான்கு, தங்கை விடாப்பிடியாகக் கேட்ட மீன் ஒன்று என நீர் நிரப்பிய பிளாஸ்டிக் பைகளில் வாங்கி வருவார்கள். வெவ்வேறு நாட்டு ஆறுகளைச் சேர்ந்த உயிரினங்கள் இப்படித்தான் இரண்டடி நீளக் கண்ணாடிப் பெட்டிக்குள் அண்டை வீட்டாராகிவிடுகின்றன.

தங்கை கேட்ட அந்த ஒற்றை மீன் பல வீடுகளில் 'கிளவுன் லோச்' ஆக இருப்பதுண்டு. ஆரஞ்சு நிற உடல், அதன்மேல் மூன்று கறுப்புப் பட்டைகள், வாயோரத்தில் குட்டி மீசை. பார்த்தவுடன் பிடித்துப்போகும் மீன் அது. சில வேளைகளில் அது தொட்டியின் அடியில் பக்கவாட்டில் சாய்ந்து அசையாமல் கிடக்கும். இறந்துவிட்டது என்று எண்ணி, புதிதாக மீன் வளர்ப்பவர்கள் வலையை எடுத்து வருவார்கள். வலை அருகில் வந்ததும் அது துள்ளி ஓடும். ஓய்வெடுக்கும்போது அப்படிப் படுத்திருப்பது அதன் இயல்பு.

தம்பி கைகாட்டிய வரி மீன்கள் 'டைகர் பார்ப்' இனத்தவை. அவை கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பொன்னிற உடலில் நான்கு கறுப்புப் பட்டைகள் இருப்பதால் புலியின் பெயர் ஒட்டிக்கொண்டது. துடிப்பான மீன்கள், கொஞ்சம் குறும்பும் உண்டு. எண்ணிக்கை குறைவாக இருந்தால் நீண்ட துடுப்புகளை உடைய மற்ற மீன்களைக் கடித்துத் தொல்லை தரும்.

சில நாள்களில் அந்த வீட்டார் விந்தையான காட்சி ஒன்றைக் காண்பர். தொட்டியின் அடித்தளத்தில் திரிய வேண்டிய லோச், நடுநீரில் நீந்தும் பார்ப்களோடு சேர்ந்துகொள்ளும். அவை வலப்பக்கம் திரும்பினால் அதுவும் திரும்பும். அவை நின்றால் அதுவும் நிற்கும். "வேறு இனமாக இருந்தாலும் எவ்வளவு நட்பு பாருங்கள்!" என்று வீட்டுக்கு வரும் உறவினர்களிடம் பெருமையாகக் காட்டுவார்கள். கைப்பேசியில் படம் பிடித்துத் தாத்தா பாட்டிக்கும் அனுப்புவார்கள்.

இதை நட்பு என்று சொல்லிவிடலாமா? அவசரப்படாமல் பார்க்க வேண்டிய கேள்வி இது.

இரண்டு இனங்களுக்கும் சுமத்ராவும் போர்னியோவும் தாயகம். இரண்டும் கூட்டமாக வாழ்பவை. ஒரே தோற்றமுள்ள மீன்கள் பல ஒன்றாக நீந்தும்போது, இரை தேடி வரும் பெரிய மீன் எதைக் குறிவைப்பது என்று தெரியாமல் தடுமாறும். கூட்டத்தில் ஒன்று மட்டும் நிறத்திலோ அளவிலோ மாறுபட்டிருந்தால், அதன் கண்ணில் முதலில் படுவது அதுதான். ஆகவே, தனித்துவிட்ட சிறு மீன் தன் இனத்தைத் தேடும். அது கிடைக்காவிட்டால், ஓரளவு தன்னைப் போலிருக்கும் இன்னோர் இனத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆரஞ்சிலும் கறுப்பிலும் இருக்கும் லோச்சுக்குப் பொன்னும் கறுப்புமான பார்ப்கள் நல்ல மறைவிடம். வீட்டுத் தொட்டியில் அதைத் தின்னும் மீன் எதுவும் இல்லைதான். ஆனால், அது லோச்சுக்குத் தெரியாதே!

அப்படியானால், வீட்டார் நட்பு என்று மகிழும் காட்சியில் பாதிக்கு மேல் அச்சமே இருக்கக்கூடும்.

இதைக் கேட்டவுடன், மீன்களுக்குள் உறவே கிடையாது, எல்லாம் மனிதக் கற்பனை என்று ஒதுக்கிவிடுவதும் சரியன்று. இயற்கையில் வெவ்வேறு இன மீன்கள் ஒன்றையொன்று தேடிச் செல்வதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். செங்கடலின் பவளப்பாறைகளில் நடந்த ஆய்வு ஒன்று 2006ஆம் ஆண்டில் வெளிவந்தது. அங்குள்ள ஒருவகைக் கலவா மீன், மோரே விலாங்கு ஒளிந்திருக்கும் பொந்துக்குச் சென்று அதன் முன்னால் தலையை வேகமாக ஆட்டுகிறது. விலாங்கு வெளியே வருகிறது. இரண்டும் சேர்ந்து வேட்டைக்குப் போகின்றன. விலாங்கு பாறை இடுக்குகளுக்குள் நுழைந்து தேடும். கலவா வெளிநீரில் காத்திருக்கும். இரைக்கு இரண்டு பக்கமும் ஆபத்து. பிடித்ததை அவை பங்கிட்டுக்கொள்வதில்லை. எது பிடிக்கிறதோ அது விழுங்கிவிடும். ஆயினும், தனியாக வேட்டையாடுவதைவிட இரண்டுக்குமே இது ஆதாயம்.

பவளப்பாறைகளில் வாழும் துப்புரவு மீனின் கதை இன்னும் வியப்பானது. விரல் நீளமே உள்ள இந்த மீன், தன்னைவிடப் பல மடங்கு பெரிய மீன்களின் செவுள்களுக்குள்ளும் வாய்க்குள்ளும் அச்சமின்றிச் சென்று ஒட்டுண்ணிகளைத் தின்கிறது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் நடந்த ஆய்வின்படி, ஒரு துப்புரவு மீன் நாளொன்றுக்குச் சராசரியாக 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்கிறது. பெரிய மீன்கள் அதன் இருப்பிடத்தைத் தேடி வந்து காத்திருக்கும். இந்த உறவை வீட்டிலேயே பார்க்கும் ஆசையில் அதை வாங்கிக் கடல்நீர்த் தொட்டியில் விடுபவர்களும் உண்டு. ஆனால், நான்கைந்து மீன்கள் மட்டுமே உள்ள தொட்டியில் அத்தனை ஒட்டுண்ணிகள் எங்கிருந்து வரும்? வேறு உணவுக்குப் பழகாத துப்புரவு மீன்கள் பட்டினியால் மடிகின்றன. காட்சிக்காக இந்த மீனை வாங்குவது வேண்டாத வேலை.

நன்னீர்த் தொட்டியில் வேறு வகையான உறவுகளைப் பார்க்கலாம். கூச்ச சுபாவமுள்ள சிறிய சிக்லிட் மீன்கள் பகல் முழுவதும் கல்லுக்குப் பின்னால் பதுங்கியிருக்கும். அதே தொட்டியில் மேல்நீரில் நீந்தும் சிறு மீன் கூட்டம் ஒன்றை விட்டால், அவை மெல்ல மெல்ல வெளியே வரத் தொடங்கும். சிறு மீன்கள் பயமின்றித் திரிந்தால் ஆபத்து ஏதும் இல்லை என்று பொருள். அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் இதற்காகவே சிறு மீன்களைச் சேர்த்து வளர்க்கிறார்கள். மாறாக, எச்சரிக்கையும் ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்குச் செல்லும். காயமடைந்த மீனின் தோலிலிருந்து வெளிப்படும் ஒரு பொருளை நுகர்ந்து மற்ற மீன்கள் சிதறி ஓடுவதை 1938இல் கார்ல் வான் ஃபிரிஷ் என்ற அறிஞர் எடுத்துக்காட்டினார். பின்னாளில் 1973இல் நோபெல் பரிசு பெற்றவர் அவர். நெருங்கிய உறவுடைய பிற இனங்களின் எச்சரிக்கையையும் பல மீன்கள் உணர்ந்துகொள்கின்றன.

இனி, அந்த ஒற்றை லோச்சுக்கு வருவோம். அதற்குத் துணையாக இன்னும் ஐந்து லோச்களை வாங்கி விட்டால் போதாதா என்று தோன்றலாம். அங்கேதான் சிக்கல். கடையில் விரல் நீளம் இருக்கும் கிளவுன் லோச், நல்ல பராமரிப்பில் 20 முதல் 30 சென்டிமீட்டர் வரை வளரும். 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். தங்கை தொடக்கப்பள்ளியில் படிக்கும்போது வாங்கிய மீன், அவள் வேலைக்குப் போகும் வயதிலும் நீந்திக்கொண்டிருக்கக்கூடும். அத்தகைய ஆறு மீன்களை இரண்டடித் தொட்டி தாங்காது. இதை விற்பனையாளர் பல வேளைகளில் சொல்வதில்லை; வாங்குபவரும் கேட்பதில்லை. சிறிய தொட்டிதான் உண்டு என்றால், இந்த மண்ணுக்கே உரிய 'ஹார்லெக்குவின் ரஸ்போரா' போன்ற சின்னஞ்சிறு மீன்களில் பத்தை ஒன்றாக வாங்குவது மேல். தீபகற்ப மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இயற்கையாக வாழும் அந்த மீன் ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்ட லோச்சை என்ன செய்வது? ஆற்றிலோ நீர்த்தேக்கத்திலோ விடக்கூடாது. பெரிய தொட்டி வைத்திருக்கும் வளர்ப்பாளரிடம் கொடுத்துவிடுவது ஒரு வழி. பெற்றுக்கொள்ள முன்வரும் கடைகளும் உண்டு. பிள்ளைகளுக்குக் கண் கலங்கும்தான். ஆனால், ஆறேழு லோச்கள் உள்ள பெரிய தொட்டியைப் பார்த்தவர்களுக்குப் புரியும். பல மறைவிடங்கள் இருந்தாலும் எல்லாம் ஒரே மரக்கட்டைப் பொந்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு கிடக்கும். உணவு விழுந்ததும் 'டிக், டிக்' என்று ஒலி எழுப்பும். கண்ணாடிக்கு வெளியே இருப்பவர்களுக்கும் அது கேட்கும். அதே தொட்டியில் டைகர் பார்ப்கள் இருந்தால், உணவு நேரத்தில் லோச் ஒன்று மேலே வந்து அவற்றின் நடுவே சற்று நேரம் நீந்துவதும் உண்டு. வயிறு நிறைந்ததும் அது தன் பொந்துக்குத் திரும்பிவிடும்.