பத்தாண்டுத் திட்டத்தில் பாட்டிக்கு எத்தனை வரி?

ஆனைமலை என்றால் கோவையில் வளர்ந்த எங்களுக்கு டாப்சிலிப் சுற்றுலாதான் ஞாபகம் வரும். காட்டுப் பிரச்சினை பழங்குடிகளுடையது, சேரிப் பிரச்சினை நம்முடையது என்று நாங்களே பிரித்தும் வைத்திருந்தோம்.

அதை உடைத்தது ஒரு சாதிச் சான்றிதழ். உடுமலைக்கு மேலே ஒரு செட்டில்மென்டில் வன உரிமை மனு எழுத உட்கார்ந்திருந்தோம். ஒரு பாட்டி தகரப் பெட்டியைத் திறந்து பேரனின் சான்றிதழை நீட்டினார். பட்டியல் சாதி என்றிருந்தது. காடர், முதுவர், மலசர், மலைமலசர், இரவாளர் எல்லாம் பழங்குடிப் பட்டியலில். அதே மலையில் வாழும் புலையர்கள் மட்டும் எஸ்சி பட்டியலில். மாற்றக் கோரி நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பட்டியல் மாறினால் என்ன ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். 2006 வன உரிமைச் சட்டப்படி, பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பே காட்டில் வாழ்ந்ததைக் காட்டினால் போதும். மற்றவர்கள் அந்த நாளுக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். கணக்குப் போட்டால் 1930க்குப் போகிறது.

"எங்கப்பன பொதைச்ச எடம் இருக்கு கண்ணு. அது பத்தாதா?" என்றார் பாட்டி.

சட்டப்படி அதுவும் சான்றுதான். இடுகாடு, கோயில், பழைய கிணறு, மூத்தோர் வாக்குமூலம் எல்லாவற்றையும் விதி 13 ஏற்கிறது. குறைந்தது இரண்டு சான்று வேண்டும். இதை அவருக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. நாங்களும் மலையேறும் முந்தைய இரவில்தான் படித்திருந்தோம். வெட்கமாக இருந்தது.

இந்தக் காட்டுக்குத் திட்டம் போடுவது புதிதல்ல. நூறாண்டுக்கு முன்பு ஹியூகோ வுட் என்ற ஆங்கிலேய அதிகாரி, தேக்கை வேரோடு பறிக்காமல் அடிமரம் விட்டு வெட்டினால் மீண்டும் துளிர்க்கும் என்று திட்டமிட்டு இங்கே காட்டை மீட்டார். டாப்சிலிப்பில் அவர் கல்லறைக்கு இன்றும் மரியாதை உண்டு. அந்தக் காட்டில் உழைத்த மலைவாசிகளின் பெயர்களை எங்கே போய்த் தேடுவது?

2007இல் ஆனைமலை புலிகள் காப்பகமானது. உள்மண்டலம் சுமார் 958 சதுர கிலோமீட்டர், வெளிமண்டலம் சுமார் 521. வனவிலங்குச் சட்டத்தின் 38வி பிரிவு, புலிப் பாதுகாப்புத் திட்டம் வகுக்கும்போது காட்டில் வாழ்வோரின் விவசாயம், பிழைப்பு, வளர்ச்சி ஆகியவற்றையும் உறுதிசெய்யச் சொல்கிறது. சம்மதமில்லாமல் வெளியேற்றக் கூடாது என்கிறது. வன உரிமைச் சட்டத்தின் 2012 திருத்த விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. கிராம சபைக் குழுவே தன் சமூகக் காட்டுக்கு மேலாண்மைத் திட்டம் எழுதலாம், அதை வனத்துறையின் திட்டத்தோடு இணைக்கலாம்.

ஆனால் காகிதம் தானாக நடக்காது. 2019 மழையில் மண் சரிந்து கல்லார் காடர்கள் குடியிருப்பை இழந்தார்கள். அதே காட்டில் தெப்பக்குளமேட்டில் குடிசை போட்டபோது அகற்றப்பட்டார்கள். 2021இல் போராடிய பிறகுதான் அங்கே அவர்களுக்கு இடம் கிடைத்தது. பத்தாண்டுத் திட்டம் எழுதும் மேசையில் அவர்களும் இருந்திருந்தால், மழைக்குப் பிறகு எங்கே போவது என்பதும் அதில் ஒரு வரியாக இருந்திருக்கும்.

புலி வேண்டாம் என்று அந்தச் செட்டில்மென்டில் ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை. வேட்டைத் தடுப்புக் காவலராகக் காட்டைச் சுற்றிவரும் பிள்ளைகளும் இந்த வீடுகளிலிருந்துதான் போகிறார்கள்.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்கிறோம். காப்பகத்தின் திட்ட நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அதைத் தமிழில் சுருக்கி மலைமேல் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். விதி 13ஐ மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பாட்டியின் மனுவில் அவர் அப்பனைப் புதைத்த இடத்தை முதல் சான்றாக எழுதியிருக்கிறோம். இரண்டாவது சான்றுக்கு, பக்கத்துச் செட்டில்மென்டில் ஒரு மூத்தவரின் வாக்குமூலம் வாங்க வருகிற ஞாயிறு மலையேறுகிறோம். வருகிறவர்கள் வாருங்கள்.

ஜெய் பீம்.