அப்பாவின் தோல் சீட்

மகன் வாங்கித் தந்த பஞ்சு சீட் மூன்றே மாதத்தில் அமுங்கிவிட்டது. பேகம்பூர் வரை போய் வந்தாலே தொடை மரத்துப்போகும். கைப்பிடி உயர்ந்த சைக்கிளில் நிமிர்ந்து ஓட்டும்போது, உடம்பின் பாரம் பெரும்பாலும் பின்னால்தான் இறங்கும். அதற்குச் சீட்டின் பின்பக்கம் அகலமாக வேண்டும். கீழே சுருள் ஸ்பிரிங்கும் வேண்டும்.

பரணிலிருந்து அப்பாவின் பழைய தோல் சீட்டை இறக்கினேன். புதுச்சேரிப் பள்ளியில் குதிரைச் சேணத்துக்கும் இதற்கும் ‘செல்’ என்ற ஒரே பிரெஞ்சுச் சொல்லைத்தான் படித்தேன்.

தோல்ஷாப்பில் வேலை பார்த்த பெரியவர் தடவிப் பார்த்தார். “ஆவாரம்பட்டையில பதனிட்டது சார், இன்னும் உழைக்கும். எண்ணெயை மட்டும் ஊத்திடாதீங்க, தொய்ஞ்சிரும்” என்றார். முனைக்கு அடியிலிருந்த போல்ட்டை அரைச்சுற்று முறுக்கினார்.

அப்பா உட்கார்ந்து விழுந்த குழி எனக்கும் பொருந்தியது.

“எழுபத்தாறு வயசுல இனிமே சைக்கிள் எதுக்குப்பா?” என்றான் மகன்.

“நாளைக் காலையில மலைக்கோட்டை வரைக்கும்” என்றேன்.