சிமெண்ட் பாலும் எபாக்சியும்

மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வந்த பிறகு திருவண்ணாமலை வேங்கிக்காலில் வீடுகள் பெருகின. வீட்டோடு கார் ஷெட்டும் சேர்ந்துகொண்டது. ஷெட்டுத் தரைக்குப் பெயிண்ட் போதுமா, எபாக்சி போடலாமா என்பது வீட்டுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி. தளவேலை நடக்கும் இடத்தில் நின்று கவனித்தால், அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி என்று தெரியும். பூச்சின் ஆயுளை டப்பா முடிவு செய்வதில்லை, அடியிலுள்ள தரைதான் முடிவு செய்கிறது என்பது என் கட்சி. நம் கொத்தனார்கள் தளம் போட்டதும் சிமெண்ட் பால் ஊற்றி, கரண்டியால் வழவழவென்று இழைத்துவிடுவார்கள். வெறுந்தரைக்கு அது அழகு. பூச்சுக்கு அதுவே பகை. மேலே படியும் அந்தத் தோல் மெல்லியது, வலுவற்றது. ஓடிச் சூடான டயர் அதன்மேல் நின்று ஆறும்போது, பூச்சு தோலோடு பெயர்ந்து டயரில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

அதனால்தான் வேலை தெரிந்தவர்கள் முதலில் கிரைண்டிங் மெஷினைப் பிடிக்கிறார்கள். அதன் வைரப் பற்கள் தோலைச் சீவித் தரையைச் சொரசொரப்பாக்கும். தூசியை உறிஞ்சி, வெடிப்பை அடைத்து, பிரைமர் அடித்த பிறகே எபாக்சியின் இரு பாகங்களான ரெசினும் ஹார்டனரும் ஒன்று சேரும். சேர்ந்த கணமே வினை தொடங்கிவிடுவதால், திருவண்ணாமலை வெயிலில் கலவை வாளியில் வெகுநேரம் தாங்காது, சூடேறி இறுகிவிடும். ஆகவே கொஞ்சங்கொஞ்சமாகக் கலந்து, உடனே கொட்டிப் பரப்ப வேண்டும். வெயிலில் காயும் தளமென்றால் அது சூடு தணியும் மாலைதான் தோது. தரை சூடேறிக்கொண்டிருக்கும் காலையில் பூசினால், உள்ளிருக்கும் காற்று விரிந்து பூச்சில் குமிழ் கிளப்பும். முள் பதித்த செருப்போடு ஈரப்பூச்சின் மேல் நடந்து, முள் ரோலரை உருட்டிக் குமிழ் உடைப்பவரின் கைக்கணக்கு எந்த டப்பாவிலும் அச்சாகியிருப்பதில்லை.

'எபாக்சிக்கு ஆகும் பணத்தில் நாலு முறை பெயிண்ட் அடிக்கலாமே' என்பது நியாயமான வாதம்தான். ஆனால் பெயிண்ட் காய்ந்தபின் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட நிற்பது அரிது. ஊற்றிப் பரப்பும் எபாக்சி 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை நிற்கும். பெயிண்டை மறுபடி அடிக்க உரிந்ததையெல்லாம் சுரண்ட வேண்டும். அந்தக் கூலியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்காக எபாக்சி எங்கும் பொருந்தும் என்றும் நான் சொல்ல மாட்டேன். வெயில் படும் திறந்த போர்டிகோவில் அது மஞ்சளித்து மங்கும்; அங்கே பார்க்கிங் டைல்ஸே மேல். ஏரியை ஒட்டிய தாழ்ந்த மனைகளில், ஐப்பசி கார்த்திகை மழையில் அடியிலிருந்து ஏறும் ஈரம் எபாக்சியைக் கொப்புளிக்க வைக்கும். ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஓரிரவு விட்டுப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தால் பூச்சுக்கு இன்னும் காலம் வரவில்லை. புதுத் தளமென்றால் குறைந்தது 28 நாள் காத்திருப்பதும் இதனால்தான்.

செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டுப்படுவது கிரைண்டிங். அதற்குப் பதில் ஆசிட் கழுவல் வரும். சரியாக அலசி உலரவிட்டால் அதுவும் ஓரளவு பயன்படும். அவசரத்தில் அந்த அலசலும் போய்விடுகிறது. அடுத்து வெட்டுப்படுவது தூசி உறிஞ்சியும் முகமூடியும் கையுறையும். சிமெண்ட் தரைத் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். ஹார்டனர் பட்டுப் பட்டுத் தோல் ஒவ்வாமை வரும். 'அது காண்ட்ராக்டர் பாடு' என்று ஒதுங்கலாம். ஆனால் மலிவான ரேட்டைக் கேட்டு வாங்கியவர் வீட்டுக்காரர்தான். தூசியோடு பூசிய தரை உரிந்து போவதும் அவர் வீட்டில்தான். ஆகவே கலரைத் தேர்ந்தெடுக்கும் முன், கிரைண்டிங் முடிந்த தரையில் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பார்க்கச் சொல்வேன். முத்துமுத்தாக நின்றால் மெஷின் இன்னும் ஓட வேண்டும். தரை உடனே குடித்துவிட்டால், அது காய்ந்தபின் பிரைமரைத் திறக்கலாம்.