கயிறு பிடிப்பவன்

சேலம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், மேட்டூருக்கு அண்மையில் அமைந்தது மேச்சேரி என்னும் ஊர். வானம் பார்த்த நிலங்களும், ஊரின் பெயரையே தாங்கிய செம்மறியாட்டு இனமும் அதற்கு உரியன. கடல் அவ்வூரிலிருந்து நெடுந்தொலைவில் உள்ளது. எனினும், நீச்சல் அவ்வூரார்க்குப் புதியதன்று. ஆழ்ந்த பாசனக் கிணறுகளே அவர்தம் நீச்சற்பள்ளிகள்.

அவ்வூர்ச் சிறுவன் ஒருவனுக்குத் தாய்மாமனே நீச்சல் ஆசான். மாமன் அவன் முதுகில் உலர்ந்த சுரைப்புருடையைக் கட்டுவார். இடுப்பில் தாம்புக் கயிற்றைப் பிணைப்பார். கயிற்றின் மறுமுனையைத் தம் கையில் சுற்றிக்கொண்டு கிணற்றுப் படியில் நிற்பார். அதன் பின்னரே சிறுவன் நீரில் இறங்கலாம். சில திங்களில் புருடை நீங்கியது. கயிறு மட்டும் நீங்கவில்லை. ஒருநாள் சிறுவன் பொறுமை இழந்து, “மாமா, எனக்குத்தான் நீந்தத் தெரியுமே! இன்னும் கயிறு எதற்கு?” என்றான். மாமன் நகைத்து, “மாப்பிள்ளை, நீந்தத் தெரியாதவன் ஆழத்துப் பக்கமே போகமாட்டான். தெரிந்தவனுக்குத்தான் கயிறு வேண்டும்” என்றார். அச்சொல்லின் பொருள் அவனுக்கு அன்று விளங்கவில்லை.

ஆண்டுகள் சில கழிந்தன. சிறுவன் இளைஞனானான். கிணற்று மேட்டிலிருந்து தலைகீழாகப் பாய்வதிலும், மூச்சடக்கி அடிமண் எடுத்து வருவதிலும் அவனுக்கு ஒப்பார் இலர். ஒருமுறை சுற்றத்தாருடன் திருச்செந்தூர் முருகனை வழிபடச் சென்றான். மற்றவர்கள் கோவில் முன்றிலில் இளைப்பாற, அவன் மட்டும் ஆள் நடமாட்டம் குறைந்த மணற்கரை ஒன்றை நாடித் தனியே சென்றான். இருபுறமும் அலைகள் வெண்ணுரை கக்கி மோதின. நடுவே ஓரிடம் மட்டும் அலையின்றி அடங்கிக் கிடந்தது. அதுவே குளிக்கத் தக்க இடம் என்று கருதி இறங்கினான். உப்பு நீர் கிணற்று நீரைக் காட்டிலும் உடலை எளிதில் மிதக்கவிட்டது. அது அவன் துணிவை மேலும் வளர்த்தது.

சிறிது நேரத்தில் திரும்பி நோக்கினான். கரை தொலைவில் இருந்தது. கரையை நோக்கி விரைந்து நீந்தினான். கரையோ மேலும் விலகியது. தோள்கள் சோர்ந்தன, நெஞ்சு படபடத்தது. அவ்வேளை, கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் கையை வீசி, “தம்பி, எதிர்த்து நீந்தாதே! கரையை ஒட்டிப் பக்கவாட்டில் நீந்து!” என்று உரக்கக் கூவினார். இளைஞன் அவ்வாறே செய்தான். இழுப்பு தளர்ந்தது. பின்னர் அலைகளே அவனைக் கரை சேர்த்தன.

மணலில் வீழ்ந்து கிடந்தவனுக்கு முதியவர் உண்மையை எடுத்துரைத்தார். அலைகள் கரைக்குக் கொணரும் நீர் மீண்டும் கடலுக்குத் திரும்ப வேண்டுமன்றோ? அது சில இடங்களில் ஒடுங்கிய வாய்க்கால் போல விரைந்து ஓடும். அங்கே அலை உடைவது குறைவு. ஆதலின் அவ்விடம் அமைதியாகத் தோன்றும். அதனை எதிர்த்து நீந்துவோர் களைத்து மூழ்குவர். பதறாமல் மிதந்து, பக்கவாட்டில் விலகுவோர் பிழைப்பர்.

முதியவர் சங்கு குளித்தவர். அவருடைய முன்னோர் முத்துக் குளித்தவர். கொற்கை நாள் தொட்டுப் புகழ் பெற்ற அத்தொழில், தூத்துக்குடிக் கடலில் 1961-ஆம் ஆண்டுடன் நின்றுபோயிற்று. குளிப்போர் காலில் கல்லைப் பற்றிக்கொண்டு 5 முதல் 10 பாகம் வரை ஆழத்தில் இறங்குவர். பாகம் என்பது ஏறத்தாழ 6 அடி. ஒரு நிமிட அளவே மூச்சடக்கிச் சிப்பிகளைத் திரட்டுவர். இருவர் ஒரு கல்லை மாறி மாறிப் பயன்படுத்துவர். ஒருவர் மூழ்க, மற்றவர் இளைப்பாறுவர். தோணியில் நிற்பவன் கயிற்றின் அசைவிலேயே கண்ணாயிருந்து, குறிப்பு அறிந்தவுடன் மேலே இழுப்பான். அக்கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானிடமே கொடுப்பர் என்று வழிவழியாகச் சொல்வதுண்டு; தன் தமக்கை தங்கையின் தாலியைக் காப்பவன் கயிற்றை நெகிழவிடான் அல்லவா!

இக்காலத்தில் கடலின் எழிலைக் காண விழைவோர் கண்ணாடி அணிந்து, வாயில் குழாய் பொருத்தி நீர்மேல் மிதக்கின்றனர். காற்றடைத்த கலத்தைச் சுமந்து ஆழத்திலும் இறங்குகின்றனர். கருவிகள் புதியன, நெறியோ பழையதே. மிதப்போர் கீழுள்ள காட்சியில் மயங்கிக் கரையை மறத்தலாகாது. மூழ்குமுன் பலமுறை விரைந்து மூச்சிழுத்தல் பெருந்தீங்கு. மூச்சு வேண்டும் என்னும் உணர்வு பிந்துவதால், முன்னறிவிப்பின்றி நினைவு தப்பும். கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகிறது. அங்கே கலத்துக் காற்றைச் சுவாசித்தவர் மூச்சை அடக்கியபடி மேலெழுந்தால், நுரையீரலில் உள்ள காற்று விரிந்து அதனைக் கிழித்துவிடும். ஆழத்தில் குருதியில் கரைந்த நைட்ரஜன், விரைந்து ஏறுவோர் உடலில் குமிழிகளாகி வருத்தும். படிப்படியாக ஏறும் முறையை ஆல்டேன் என்னும் அறிஞர் 1908-ஆம் ஆண்டில் வகுத்துக் காட்டினார். இவற்றையெல்லாம் பயிற்றுநரிடம் முறையாகக் கற்ற பின்னும், துணையின்றி எவரும் மூழ்குதல் ஆகாது என்பதே அத்துறையின் முதல் விதி.

இளைஞன் ஊர் திரும்பினான். மாமன் அப்போது முதுமை எய்தியிருந்தார். கடலில் நிகழ்ந்ததைக் கேட்டு அவர் ஒன்றும் கூறவில்லை. பரணில் கிடந்த தாம்புக் கயிற்றை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

அடுத்த கோடையில், அவனுடைய தமக்கை மகன் கிணற்றில் இறங்கினான். முதுகில் சுரைப்புருடை, இடுப்பில் கயிறு. மறுமுனையைக் கையில் இருமுறை சுற்றிக்கொண்டு, கண் இமையாமல் படியில் நின்றான் இளைஞன்.