நினைச்சா கத்தும் பஸ்ஸர்

எங்க பழைய பிக்கப்ல ஒரு பஸ்ஸர்... திடீர்னு கத்தும், தானா நிக்கும். மெக்கானிக் அண்ணன், "ஒயரைக் கட் பண்ணிடலாம் தம்பி"ன்னார். (காமர்ஸ் படிக்கிறவன்கிட்ட ஆடிட்டரை வெளியே அனுப்பச் சொல்ற மாதிரி!) காப்பி மூட்டையோட ஏற்காட்டு மலையோட 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கறது அப்பாதானே.

ரெண்டு நாள் அவர் பக்கத்துல உட்கார்ந்து குறிச்சேன். குழி மேட்டுல கத்தல; இறக்கத்துல பிரேக் பிடிச்சாதான். ஒயர் லூஸா இருந்தா குலுங்கும்போதுல்ல கத்தணும்?

பிரேக் ஆயில் டப்பாவுல ஒரு மிதவை உண்டுங்க. ஆயில் குறைவா இருந்தா, வண்டி சாயும்போது அது இறங்கி பஸ்ஸர் அடிக்கும். லீக் எங்கயும் இல்ல. அப்போ ஆயில் எங்க போச்சு? பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும். அந்த இடத்தை ஆயில்தான் நிரப்பும். ஆயிலை மட்டும் ஊத்தியிருந்தா சத்தம் நின்னிருக்கும், தேஞ்ச பேட் அப்படியே இருந்திருக்கும்.

சக்கரத்தைக் கழட்டினோம். பேட் அப்பளம் மாதிரி! புதுசு போடறதுக்காக பிஸ்டனை உள்ளே தள்ளினதும், டப்பாவுல ஆயில் தானா மேலே ஏறிடுச்சு.