அமானிதமாகிய குரல்

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் வாழும் நம் நண்பரின் நிக்காஹ் 1988-ஆம் ஆண்டு நடந்தது. குத்பா ஓதியவர் நமக்கு அரபி எழுத்தறிவித்த ஹஜ்ரத் அவர்கள். அவர்களுடைய குரல் இன்று எஞ்சியிருப்பது அந்த ஒரே வீடியோ நாடாவில்தான். கடற்காற்றில் பூஞ்சை படியத் தொடங்கியிருந்த அதனை டிவிடி வட்டாக்கித் தருமாறு நண்பர் நம்மிடம் ஒப்படைத்தார்.

இடத்தை மிச்சப்படுத்தும் எண்ணத்தில், ஒலியை முதலில் நொடிக்கு 32 கிலோபிட் அளவில் எம்.பி.3 ஆகப் பதிந்தோம். டிவிடி வீடியோவின் விதியில் எம்.பி.3-க்கு இடமில்லை என்பதை அப்போது நாம் அறியோம். மென்பொருள் அதனை விரித்து, மீண்டும் ஏ.சி.3 முறையில் சுருக்கிற்று. வட்டைப் போட்டுக் கேட்டபோது உள்ளம் பதைத்தது. மேற்பற்களின் முனையில் நாநுனி படப் பிறக்கும் ‘ஸா’வும், சீழ்க்கையோடு பிறக்கும் ‘ஸீனு’ம் ஒன்றாய்க் குழைந்து கிடந்தன. மக்ரஜ் பிசகினால் பிரம்பைத் தட்டி நிறுத்திய ஆசானின் ஓதலை நாமே பிசகாக்கிவிட்டோம்!

சுருக்கம் என்பது, செவிக்குப் புலப்படாது எனக் கருதும் ஒலியைக் கழித்துவிடுவதாகும். அளவு மிகக் குறையும்போது முதலில் வெட்டுண்பவை உரசொலிகள் வாழும் உயர் அதிர்வுகளே. கழிந்தது மீளாது, இரண்டாம் சுருக்கம் முதற்சுருக்கத்தின் குறையையும் சேர்த்துச் சுமக்கிறது.

வட்டு கொள்வது 4,700 மெகாபைட். சுருக்காத பி.சி.எம். ஒலி நொடிக்கு 1,536 கிலோபிட்; ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 690 மெகாபைட். 192 கிலோபிட் ஏ.சி.3 ஒலிக்கோ 86 மெகாபைட்டே போதும். நம் நாட்டின் பால் முறை வட்டுகளில் எம்பெக் இரண்டாம் அடுக்கு ஒலிக்கும் அனுமதி உண்டு. நீண்ட படத்திற்கு, நேரே ஒருமுறை சுருக்கிய ஏ.சி.3 பேச்சொலிக்குப் போதுமானதே. ஆனால் இரண்டு மணி நேரத் திருமண நாடாவுக்குப் பி.சி.எம். வட்டின் மூன்றிலொரு பங்கைக்கூட எடுப்பதில்லை. எஞ்சிய இடம் பழைய நாடாவின் படத்திற்குத் தாராளம்.

நாடாவைத் தூய்மை செய்வித்து மறுமுறை ஓட்டினோம். அல்ஹம்துலில்லாஹ், அது அறுந்துவிடவில்லை. இம்முறை சுருக்காமல் பதிந்தோம். ‘ஸா’ வேறாகவும் ‘ஸீன்’ வேறாகவும் ஒலித்தன.

கேட்டதில் கூட்டாமல் குறைக்காமல் ஒப்படைப்பவரே நம்பகமான அறிவிப்பாளர் என்று ஹதீஸ் கலையில் பயின்றோம். பெரியோர் குரலும் அத்தகைய அமானிதமே. வட்டும் நாளடைவில் கெடும். அதனை இயக்கும் கருவிகளும் வீடுகளில் அருகிவிட்டன. ஆதலின் சுருக்காத மூலப்பதிவை இரண்டு இடங்களில் பேணுங்கள். சுருக்குவதாயின், ஒரே முறை, கடைசியாகச் சுருக்குங்கள். நாடா எல்லோருக்கும் இரண்டாம் முறை ஓடித் தருவதில்லை.